'முடிந்தவரை' என்று விரதம் எடுக்கலாமா? காந்தியின் 'மங்கள் பிரபாத்' பற்றி ஐவரின் வாதம்

கரிசல்மண்

உப்புச் சத்தியாகிரகத்துக்குப் பின் 1930 மே மாதம் கைதான காந்தி, யெரவ்டா சிறையிலிருந்து சபர்மதி ஆசிரமத்துக்கு வாரம் ஒரு கடிதம் எழுதினார். செவ்வாய்க்கிழமை விடியற்காலைப் பிரார்த்தனை முடிந்ததும் எழுதியவை அவை. குஜராத்தியில் செவ்வாய்க்கு மங்கள்வார் என்று பெயர். 'மங்கள் பிரபாத்' என்ற தலைப்பு அப்படி வந்தது. சத்தியம் பற்றிய முதல் கடிதத்தின் தேதி 22-7-1930. அகிம்சை, பிரம்மசரியம், நாவடக்கம், திருடாமை, உடைமை சேர்க்காமை, அஞ்சாமை, தீண்டாமை ஒழிப்பு, உடலுழைப்பு, சர்வமத சமபாவம் (எல்லா மதங்களையும் சமமாக மதித்தல்), பணிவு என்று அக்டோபர் வரை வரிசை போகிறது.

அவற்றில் விரதத்தின் தேவை பற்றிய கடிதத்தைத்தான் இங்கே எதிர்க்கிறேன். அதில் அவர் சொல்வதன் சாரம் இது: செய்ய வேண்டியதை என்ன விலை கொடுத்தாவது செய்வதே விரதம், 'முடிந்தவரை செய்வேன்' என்று சேர்த்துக்கொண்டால் அது பெரிய ஓட்டை. இன்ன தேதியில் இவ்வளவு தருகிறேன் என்று எழுத வேண்டிய சீட்டில் 'முடிந்தவரை' என்று எழுதிக் கொடுத்தால் எந்த வியாபாரி வாங்குவான் என்று கேட்கிறார்.

உவமை அழகுதான். ஆனால் அதே குஜராத்தில், அவரைச் சுற்றியிருந்த ஜைனக் குடும்பங்கள் நூற்றாண்டுகளாக விலக்குகளை வைத்தே விரதம் எடுக்கின்றன. அந்த விலக்குக்கு 'ஆகார்' என்று பெயர். சூரியன் உதித்து 48 நிமிடம் ஆகும்வரை வாயில் எதையும் வைப்பதில்லை என்ற சின்ன நவகார்சி விரதத்தின் வாசகத்திலேயே இரண்டு விலக்குகள் உண்டு: மறதியால் நேர்ந்தது, எதிர்பாராமல் வாயில் விழுந்தது. பகலின் கால்பங்கு வரை நீளும் போரிசியில் விலக்குகள் ஆறு. மேகம் மறைத்து நேரம் தெரியாமற்போவது, திசை மயங்கிப் பொழுதைத் தவறாகக் கணிப்பது, கடும் வேதனையில் மன அமைதி குலையாதிருக்க மருந்து உண்பது ஆகியவை அதில் அடங்கும். மனிதன் எங்கே சறுக்குவான் என்று கவனித்தவர்கள் வகுத்த ஏற்பாடு அது. காந்தியின் கடிதம் இதைத் தாண்டிச் செல்லவில்லை. இதற்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது என்பதே என் கருத்து.

ஏட்டுச்சுவடி

ஐயா, நீங்கள் எடுத்துக் காட்டியதே உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கிறது. ஆகாரும் 'முடிந்தவரை'யும் ஒன்றல்ல. ஆகார் எண்ணிக்கைக்கு உட்பட்டது: இரண்டு என்றால் இரண்டு, ஆறு என்றால் ஆறு. விரதம் எடுக்கும் நேரத்திலேயே வாய்விட்டுச் சொல்லப்படுவது. போரிசி எடுத்தவர் 'எனக்குப் பசித்தது, அதனால் சாப்பிட்டேன்' என்று சொல்ல வழியில்லை. பசி அந்த ஆறில் இல்லை.

'முடிந்தவரை' என்பதற்கு வரம்பே கிடையாது. எது முடியும், எது முடியாது என்பதை ஆசை எழுந்த அந்த நொடியில், ஆசைப்பட்ட அதே ஆள் முடிவு செய்கிறான். அந்த நொடிக்கு முன்பே தீர்ப்பை எழுதி வைப்பதற்காகத்தானே விரதம்?

காந்தி சொன்ன பணச்சீட்டு உவமையையே எடுங்கள். 'சரக்கு துறைமுகம் வந்து 30 நாளில் தருகிறேன்' என்று எழுதிய சீட்டு கடைத்தெருவில் செல்லும். அதில் நிபந்தனை இருக்கிறது. ஆனால் அது வெளியே நிற்கும் நிபந்தனை, யாரும் சரிபார்க்கலாம். 'வசதிப்பட்டால் தருகிறேன்' என்ற சீட்டு செல்லாது. காந்தி ஒதுக்குவது இரண்டாவதை மட்டும்தான்.

பதஞ்சலியிடமும் இந்தப் பிரிவு உண்டு. யோக சூத்திரம் 2.31, பிறப்பு, இடம், காலம், சூழல் என்ற நான்கு வரையறைகளும் இல்லாத யமத்தை, அதாவது அகிம்சை முதலிய ஒழுக்கக் கட்டுப்பாட்டை, மகாவிரதம் என்கிறது. மீனவன் மீனை மட்டும் கொல்வேன் என்பது, புண்ணியத் தலத்தில் கொல்லமாட்டேன் என்பது, சதுர்த்தசியில் கொல்லமாட்டேன் என்பது, தேவருக்கும் அந்தணருக்கும் அல்லாமல் கொல்லமாட்டேன் என்பது என்று அதன் உரையான வியாச பாஷ்யம் நான்குக்கும் எடுத்துக்காட்டுத் தருகிறது. வரையறுத்த விரதத்தை அது பழிக்கவில்லை, சிறியது என்கிறது. சிறியது வேறு, ஓட்டையானது வேறு.

மூலப்பாடம்

வாதம் சூடாவதற்கு முன் சொற்களைப் பற்றிக் கொஞ்சம். தமிழில் படிப்பவர்களுக்கு இந்த நூலில் முதல் தடுக்கல் 'விரதம்' என்ற சொல்லே. இன்று நம் வீடுகளில் விரதம் என்றால் சாப்பிடாமல் இருப்பது. 'நோன்பு' என்று பெயர்த்தால் ரமலானோ காரடையான் நோன்போ நினைவுக்கு வரும். 'உறுதிமொழி' என்றால் பள்ளி இறைவணக்கம். குஜராத்தி 'வ்ரத்' என்ற சொல்லும் பட்டினி நாள்களைக் குறிப்பதுதான். பெண்பிள்ளைகள் ஆடி மாதத்தை ஒட்டி ஐந்து நாள் உப்பில்லாமல் உண்ணும் கௌரி விரதம் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்தது. எனினும் ஜைன வழக்கால் 'வாழ்நாள் ஒழுக்கத்துக்குத் தன்னைக் கட்டிக்கொள்வது' என்ற பொருளும் அங்கே உயிரோடு இருக்கிறது. அந்தப் பொருள் இங்கே தேய்ந்துவிட்டது.

இரண்டாவது, 'அஸ்வாத'. நாவடக்கம் என்று பெயர்ப்பது வழக்கம். ஆனால் தமிழில் நாவடக்கம் என்றதும் 'யாகாவா ராயினும் நாகாக்க' என்ற குறள்தான் முன்னே வருகிறது, அது பேச்சைப் பற்றியது. மூலச் சொல் வெறுமனே 'சுவையின்மை'. சுவைக்காக உண்ணாமை என்று விரித்து எழுதினால்தான் பொருள் நிற்கும்.

மூன்றாவது, 'சர்வதர்ம சமபாவ'. ஆங்கிலத்தில் வால்ஜி கோவிந்த்ஜி தேசாய் பெயர்த்த பதிப்பைப் பார்த்துச் 'சகிப்புத்தன்மை' என்று எழுதுபவர்கள் உண்டு. சகித்தல் என்ற சொல்லில் மற்ற மதம் தாழ்ந்தது என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது என்று காந்தி அந்தக் கடிதத்திலேயே அதிருப்தி தெரிவிக்கிறார். அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய சொல்லை அவர் வாயிலேயே வைப்பது நியாயமில்லை.

கரிசல்மண்

ஏட்டுச்சுவடி சொன்ன வேறுபாட்டை ஏற்கிறேன். ஆகாரும் 'முடிந்தவரை'யும் ஒன்று என்ற தொனியில் எழுதியது தவறு. ஆனால் என் எதிர்ப்பு அதோடு தீரவில்லை. இன்னும் கூர்மையாக ஒரு இடத்தில் நிற்கிறது. விலக்கை எழுதாமல் விட்டால், தேவை வரும்போது சொல்லின் பொருளே வளைந்து கொடுக்கும். காந்தியின் சொந்த வரலாற்றில் மூன்று விரதங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

முதலாவது, 1888. இங்கிலாந்து செல்லும் முன் பேசர்ஜி சுவாமி என்ற ஜைனத் துறவி முன்னிலையில் மது, மாது, புலால் மூன்றையும் தொடுவதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கு. லண்டனில் முட்டை புலாலா என்ற கேள்வி வந்தது. புலாலுக்கு அங்கே மூன்று விளக்கங்கள் பேசப்பட்டன. அவற்றில் இரண்டின்படி முட்டை உண்ணலாம். அவர் என்ன செய்தார்? வாக்கை வாங்கியவர் தாய், தாயின் மனத்தில் புலால் என்ற சொல்லுக்குள் முட்டையும் இருந்தது, ஆகவே முட்டை கூடாது என்று முடித்தார். விரதத்தின் பொருளை வாங்கியவரே தீர்மானிக்கிறார் என்ற விதி அது.

இரண்டாவது, 1915 ஹரித்துவார் கும்பமேளா. 24 மணி நேரத்தில் ஐந்து பண்டங்களுக்கு மேல் இல்லை, இருட்டிய பின் உணவில்லை. அதை எடுக்கும் முன், நோய் வந்தால் மருந்தும் ஐந்தில் ஒன்றா என்று யோசித்து, ஆம், அதற்கும் விலக்கில்லை என்று தீர்த்துக்கொண்டே எடுத்தார். அந்த விரதம் நின்றது.

மூன்றாவது, பால். தென்னாப்பிரிக்காவில் 1912இல் பாலை விட்டார். 1918இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்கும் அலைச்சலில் சீதபேதி கண்டு படுத்த படுக்கையானார். பால் இல்லாமல் உடல் தேறாது என்றார் மருத்துவர். விரதம் எடுத்தபோது மனத்தில் இருந்தது பசுவும் எருமையும்தானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்றார் கஸ்தூர்பா. குடித்தார். சொல்லைக் காத்தேன், உட்பொருளைக் காக்கவில்லை என்று பின்னர் அவரே எழுதினார்.

முதல் இரண்டும் நின்றன, மூன்றாவது வளைந்தது. ஏன்? முதலாவதில் பொருள் சொல்ல வேறொருவர் இருந்தார். இரண்டாவதில் எண்ணிக்கை இருந்தது, நோயை முன்கூட்டியே கணக்கில் எடுத்திருந்தார். மூன்றாவதில் எடுத்தவரும் அவரே, பொருள் சொன்னவரும் அவரே. எந்த விலங்கின் பால் என்றோ, நோயில் என்ன என்றோ வரையறை இல்லை. 1930இல் கடிதம் எழுதியபோது இந்தப் பாடம் அவர் கையில் இருந்தது. கடிதத்தில் அதைக் காணவில்லை. 'என்ன விலை கொடுத்தாவது' என்ற உறுதியை மட்டும் எழுதிவிட்டு, விரதத்தை எப்படி எழுதுவது என்பதை விட்டுவிட்டார்.

அடுப்படி

மூன்று அண்ணன்மாரும் விரதம் எடுப்பவரைப் பற்றியே பேசுகிறீர்கள். அதைச் சமைத்துக் கொடுப்பவரைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன்.

அஸ்வாதக் கடிதத்தில் இருப்பது இது: உணவை மருந்துபோல, உடலுக்கு வேண்டிய அளவே உண்ண வேண்டும். சுவை கூட்டவோ மாற்றவோ சப்பென்றிருப்பதைச் சரிசெய்யவோ உப்புச் சேர்த்தால் விரதம் முறிந்தது. உடல்நலத்துக்கு இன்ன அளவு உப்புத் தேவை என்று கருதிச் சேர்த்தால் முறியவில்லை. ஆகவே ஒரே உப்பு, ஒரே பாத்திரம், நோக்கம்தான் வேறு. கரிசல்மண் அண்ணா கேட்கும் அளவை இங்கே வைக்கவே முடியாது. இந்த ஒரு விரதத்தில் அவர் வாதம் சரி.

ஆனால் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த இடம் ஆசிரமம். அங்கே பொதுச் சமையல், மசாலா கிடையாது, என்ன சமைப்பது என்று ஒருவர் முடிவு செய்வார், மற்றவர்கள் தட்டில் விழுந்ததை நன்றியோடு உண்பார்கள். இன்றைக்கு என்ன சமையல் என்ற நினைப்பிலிருந்தே எல்லோருக்கும் விடுதலை என்பதைத்தான் காந்தி அதன் பெரும்பயனாகக் காட்டுகிறார். அந்த ஏற்பாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு விரதத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? ஒருவர் எடுக்கும் விரதத்துக்கு இன்னொருவர் இரண்டு அடுப்பு மூட்டுவார்.

குஜராத்திச் சமையலையே வைத்துச் சொல்கிறேன். பருப்பு எளிது. துவரம்பருப்பை வேகவைத்துக் கடைந்ததும், உப்பு, வெல்லம், கோக்கம் போடும் முன் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடலாம். தாளிப்பான 'வகார்' கடைசியில்தான் வரும். கம்பு ரொட்லாவுக்கு மாவில் உப்பு இல்லாமலே தட்டலாம். ஊறுகாய், அப்பளம் தட்டின் ஓரத்து விஷயம், வைக்காமல் விட்டால் போதும். சிக்கல் எங்கே வரும் என்றால் புளித்த மாவில் செய்யும் டோக்ளா, ஹாண்ட்வோ போன்றவற்றில். மாவு புளிக்கும்போதோ ஊற்றும் முன்போ உப்பு கலந்துவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. காய்கறிக் கலவையான ஊந்தியுவில் போடும் முட்டியா என்ற மாவுருண்டையும் அப்படித்தான், மசாலா உருண்டைக்குள்ளேயே இருக்கிறது. அந்த நாள்களில் விரதக்காரருக்குத் தனியாக ஒன்று செய்தாக வேண்டும். தனியாகச் செய்தது நன்றாக வந்ததா, சூடாக இருக்கிறதா என்று அவர் கேட்க ஆரம்பித்தால் அஸ்வாதம் அங்கேயே தலைகீழாகிவிட்டது. நாக்கை மறக்க எடுத்த விரதம் நாக்கைப் பற்றியே நாள் முழுதும் பேச வைக்கும்.

ஜைனரின் ஆயம்பில் விரதத்தைப் பாருங்கள். நெய், எண்ணெய், பால், தயிர், சர்க்கரை, மசாலா எதுவுமில்லாமல் வெந்த தானியம், ஒரு நாளைக்கு ஒரே வேளை. சித்திரையிலும் ஆசோ (ஆஸ்வின) மாதத்திலும் 9 நாள் தொடர்ந்து எடுப்பது ஓளி. பல ஊர்களில் அதற்கென்றே ஆயம்பில் சாலை இருக்கிறது, ஒன்பது நாளும் அங்கே போய் உண்டு வரலாம். சமைக்கும் சுமை வீட்டுப் பெண் தலையில் விழவில்லை. நாளும் குறித்தாயிற்று, பொருளும் குறித்தாயிற்று. அஸ்வாதத்தை வீட்டில் பின்பற்ற நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது தட்டில் வந்ததைக் குறைசொல்லாமல் உண்பதுதான். உப்பைக் குறைக்கச் சொல்வது அதற்கு எவ்வளவோ பின்னால்.

ஏட்டுச்சுவடி

அக்கா, ஊந்தியு எடுத்துக்காட்டுக்கு நன்றி. ஒரு திருத்தம் மட்டும். நோக்கத்தைக் கணக்கில் எடுப்பதால் அளவு இல்லாமற்போகிறது என்பதை ஏற்கிறேன். அதனால் விரதம் பயனற்றது என்பதை ஏற்கவில்லை. அஸ்வாதம் பழைய ஐந்து விரதங்களில் இல்லாதது என்று காந்தியே அந்தக் கடிதத்தில் சொல்கிறார். பிரம்மசரியத்துக்குத் துணையாக, தன் அனுபவத்தில் கண்டதைச் சேர்த்தார். துணை விரதத்தைத் தனியாக எடுத்து அளந்தால் குறை தெரியத்தான் செய்யும். வேலிக்கம்பை மட்டும் பிடுங்கி வைத்து, இதில் என்ன விளைகிறது என்று கேட்பதுபோல் ஆகிறது.

கரிசல்மண் ஐயாவுக்கு: மூன்று விரதங்களை ஒப்பிட்டது மிகச் சரியான வழி. ஆனால் முடிவு வேறாகவும் வரலாம். ஆட்டுப்பால் குடித்ததை அவர் வெற்றியாக எழுதவில்லை. உயிர்மேல் இருந்த ஆசை சத்தியத்தின்மேல் இருந்த பற்றை வென்றது என்று எழுதினார். 'முடிந்தவரை பாலை விடுகிறேன்' என்று எடுத்திருந்தால் அந்த வருத்தத்துக்கே இடமில்லை. முறிந்தது என்று அவருக்குத் தெரிந்ததே, விரதம் விலக்கில்லாமல் இருந்ததால்தான்.

நீலவானம்

அளவு பற்றிய பேச்சு இங்கே உப்புக்கும் பாலுக்கும் போகிறது. அது அவசியமாக இருந்த இடம் தீண்டாமை ஒழிப்பு பற்றிய கடிதம். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

1915 மே 25இல் அகமதாபாத் கோச்ரப்பில் ஆசிரமம் தொடங்கியபோது சுமார் 25 பேர். அவர்களில் 13 பேர் தமிழர்கள். சில மாதங்களில் தூதாபாய், அவர் மனைவி தானிபென், குழந்தை லட்சுமி ஆகிய தீண்டப்படாதோர் குடும்பம் வந்து சேர்ந்தது. என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்: கிணற்றில் நீர் இறைக்கத் தகராறு, பண உதவி முழுவதும் நின்றது, கையில் காசில்லாமல் போன நேரத்தில் ஒரு சேட் காரில் வந்து 13,000 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். அங்கே விரதம் எதைக் குறித்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இதே கிணறு, இதே வாளி, இதே அடுப்பு. முறிந்தால் கண்ணுக்குத் தெரியும்.

1930 கடிதம் இந்து சமயத்தின் களங்கம் என்று தீண்டாமையைக் கடுமையாகத்தான் தொடங்குகிறது. பிறகு விரிந்துகொண்டே போகிறது. உலகத்தார் அனைவர்மீதும் அன்பு, அனைவருக்கும் சேவை, மதத்துக்கும் மதத்துக்கும் இடையே உள்ள தீட்டு, கடைசியில் அகிம்சையோடு கலந்துவிடுகிறது. உலகம் முழுவதையும் நேசிக்கிறேன் என்று விரதம் எடுத்தவர் அதை எந்த நாளில் முறித்தார் என்று யார் காட்ட முடியும்? சேரியிலிருந்து வந்தவர் என் வீட்டுக் கிணற்றில் இறைப்பார், என் பிள்ளையோடு ஒரே பந்தியில் உண்பார், என் வீட்டில் பெண் கொடுத்து எடுக்கத் தடையில்லை என்று எழுதினால் முறிந்த நாள் தெரியும். பெரிய சொல்லுக்குள் போனதும் சிறிய கடமை கரைந்துவிட்டது.

இரண்டே ஆண்டு கழித்து, 1932 செப்டம்பரில் அதே யெரவ்டா சிறையில்தான், தீண்டப்படாதோருக்குச் சட்டமன்ற இடங்களை ஒதுக்கும் பூனா ஒப்பந்தம் பேசப்பட்டது. அம்பேத்கர் அங்கே கேட்டது இத்தனை இடங்கள் என்ற எண்ணிக்கை. அன்பு என்ற சொல்லை அவர் மேசைமேல் வைக்கவில்லை, 148 என்ற எண் இருந்தது. அளக்க முடிந்ததை மட்டுமே இல்லாதவன் கேட்டுப் பெற முடியும்.

ஏட்டுச்சுவடி

நீலவானம் தோழர் சொன்ன கோச்ரப் கிணறு எல்லாக் கடிதங்களையும்விடப் பெரிய உரை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கடிதத்தில் அந்தக் கிணறு இல்லாதது குறைதான்.

ஆனாலும் அளவில் ஓர் ஆபத்து இருப்பதை ஒருவரும் சொல்லவில்லை. ஜைன இல்லறத்தாரின் ஐந்தாம் அணுவிரதம் (சிறு விரதம்) பரிக்கிரக பரிமாணம், அதாவது உடைமைக்கு வரம்பு. நிலம், வீடு, வெள்ளி, பொன், பணம், தானியம், இருகால் உயிர், நாற்கால் உயிர், தட்டுமுட்டு என்று ஒன்பது வகையிலும் இவ்வளவுக்கு மேல் வேண்டாம் என்று எண்ணிட்டு எடுப்பது. இதைவிடத் துல்லியமாக உடைமைக்கு வரம்பு கட்டிய நூல் எது? இப்போது 'உபாசகதசா' என்ற ஜைன ஆகம நூல் சொல்லும் இல்லறத்தார் ஆனந்தனைப் பாருங்கள். மகாவீரரிடம் அவர் எடுத்த வரம்பு: புதையலாக 4 கோடி பொன், வட்டிக்கு விட்டது 4 கோடி, வீட்டுப் பண்டங்களில் 4 கோடி, பதினாயிரம் மாடுகள் கொண்ட மந்தை நான்கு, கலப்பைகள் 500. அன்று அவரிடம் இருந்ததும் ஏறக்குறைய அதுதான். விரதம் அட்சரம் பிசகாமல் நின்றது. பக்கத்துத் தெருக்காரனுக்கு ஒரு படி நெல்கூட இடம் மாறவில்லை.

காந்தியின் அபரிக்கிரக (உடைமை சேர்க்காமை) கடிதம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. நாளைக்கென்று எதையும் வைப்பதே பிழை, பறவையைப்போல் கூரையும் துணியும் சேமிப்பும் இல்லாதிருப்பதே முழு நிலை, அது நமக்கு எட்டாது, எனினும் அதைக் கண்முன் வைத்து இருப்பதைத் தினமும் சோதித்துக் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்கிறார். 'இவ்வளவு' என்று கோடு போட்டால் கோட்டுக்குள் இருப்பது எல்லாம் நியாயமாகிவிடும். கோடு போடாததால் ஒவ்வொரு நாளும் கேள்வி உயிரோடு இருக்கிறது.

கரிசல்மண்

ஆனந்தன் எடுத்துக்காட்டு பலமானது. பதில் இரண்டு சொல்கிறேன்.

ஒன்று: ஆனந்தன் வரம்புக்குப் பிறகு வளர முடியாது. வட்டியில் வருவது 4 கோடியைத் தாண்டினால் மிச்சம் கையைவிட்டுப் போக வேண்டும். அன்றைய நாளில் எதுவும் மாறவில்லை என்பது உண்மை, அடுத்த பத்தாண்டில் மாறும். அதோடு, அணுவிரதம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து அதிசாரங்கள், அதாவது முறிவுக்கு முந்தைய விரிசல்கள், பட்டியலாக உண்டு. திருடாமைக்கு: திருட்டுப்பொருள் வாங்குவது, திருடனுக்குத் துணைபோவது, எதிரி நாட்டோடு விதிமீறி வணிகம், கள்ள நிறை கள்ள அளவை, கலப்படம். வணிகன் தவறு செய்யும் ஐந்து இடங்களும் அப்படியே இருக்கின்றன. காந்தியின் அஸ்தேய (திருடாமை) கடிதம் இதைவிட ஆழமானது, மறுக்கவில்லை. தேவையற்றதை எடுப்பதும் திருட்டு, பிள்ளைகளுக்குத் தெரியாமல் அப்பன் தின்பதும் திருட்டு, பிறர் கருத்தைத் தன்னுடையது என்பதும் திருட்டு என்கிறார். ஆனால் தராசில் கல்லை மாற்றி வைக்கும் கடைக்காரர் அந்தக் கடிதத்தைப் படித்துக் கண்கலங்கிவிட்டு மறுநாளும் அதே கல்லை வைக்க முடியும். ஐந்து அதிசாரங்களைப் படித்தவரால் முடியாது.

இரண்டு: விலக்கை எழுதும்போதும் எல்லா விலக்கும் ஒன்றல்ல என்பதற்குக் காங்கிரஸ் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1924 பெல்காம் காங்கிரஸ், உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2000 கெஜம் நூல் தர வேண்டும் என்று விதித்தது. நாளுக்கு 67 கெஜம், பழகிய கைக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனால் நோயோ விருப்பமின்மையோ இருந்தால் பிறர் நூற்றதைத் தரலாம் என்று சேர்த்தார்கள். நோய், ஜைனர் ஆகார்போல ஒரு விலக்கு. விருப்பமின்மை, ஏட்டுச்சுவடி சொன்ன 'வசதிப்பட்டால் தருகிறேன்' சீட்டு. ஓராண்டுக்குள் விதியே தளர்ந்து, 4 அணா கட்டினாலும் உறுப்பினர் ஆகலாம் என்றானது. ஆகவே என் நிலையைத் திருத்தி எழுதுகிறேன்: அளவும் வேண்டும், விலக்கும் வேண்டும், அந்த விலக்கு எடுத்தவரின் மனநிலையைச் சார்ந்ததாக இருக்கக் கூடாது. இந்த மூன்றாவது விதியைக் காந்தி கடிதம் சரியாகப் பிடித்திருக்கிறது. முதல் இரண்டும் அதில் இல்லை என்ற இடத்தில் இன்னும் நிற்கிறேன்.

மூலப்பாடம்

இதற்குத் துணையாக இரண்டு செய்திகள்.

விரதப் பட்டியல் கல்வெட்டல்ல. 1916 பிப்ரவரி 16இல் சென்னை ஒய்.எம்.சி.ஏ.வில் காந்தி ஆசிரம விரதங்களை விளக்கிப் பேசினார். அன்றைய பட்டியலில் தாய்மொழிவழிக் கல்வி உண்டு, கைத்தறி உண்டு. உடலுழைப்பும் சமபாவமும் தனித் தலைப்பாக இல்லை. 1930இல் தாய்மொழி போய்விட்டது, மற்ற இரண்டும் வந்துவிட்டன. பணிவு பற்றி ஒரு கடிதம் இருந்தாலும் அதைத் தனி விரதமாக எண்ண முடியாது என்று அவரே சொல்லிவிடுகிறார். பழக நினைத்துப் பழகினால் அது பாசாங்காகும் என்பது காரணம். எதை அளந்து பழகலாம், எதை முடியாது என்ற கேள்வி அவருக்குத் தெரியாததல்ல.

அடுத்தது, சுதேசி பற்றிய அத்தியாயம் சிறையில் எழுதியதல்ல. சிறையிலிருந்து அரசியல் எழுதுவதில்லை என்று வரம்பு வைத்திருந்தார், சுதேசியைத் தொட்டால் அந்த வரம்பு மீறும் என்று விட்டுவிட்டு விடுதலைக்குப் பின் எழுதிச் சேர்த்தார். வரம்பு தெளிவாக இருந்தது, யாரும் கண்காணிக்காமலே நின்றது. சிறையில் எழுதிய செவ்வாய்க் கடிதங்களில் சுதேசி இல்லாததே அதற்கு அடையாளம். கரிசல்மண் கேட்கும் 'எழுதும் முறை' அவர் எழுதியதைவிட எழுதாமல் விட்டதில் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

நீலவானம்

மூலப்பாடம் ஐயா, அப்படியானால் கேள்வி இன்னும் கடுமையாகிறது. சிறைவிதிக்கு இவ்வளவு துல்லியமாக வரம்பு கட்டத் தெரிந்தவர், தீண்டாமைக்கு ஏன் கட்டவில்லை? கோச்ரப் கிணற்றை மறந்திருக்க வழியில்லை. லட்சுமியைத் தன் மகளாக வளர்த்தவர் அவர்.

அடுப்படி

அந்தக் கடிதங்களைப் பிரார்த்தனையில் வாசித்துக் கேட்டவர்கள் ஏற்கெனவே ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பந்தியில் உண்டு, கக்கூஸ் வாளியைத் தாங்களே தூக்கியவர்கள். அவர்களுக்குக் கிணற்றைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றாடம் அவர்கள் கைதான் அந்த வரம்பு. நூலாக அச்சாகி நம் கைக்கு வரும்போது கடிதம் மட்டும் வந்தது, அந்த அடுப்பும் பந்தியும் வாளியும் வரவில்லை. இன்று இதைப் பின்பற்ற நினைக்கும் குடும்பம், நீலவானம் எழுதிய மூன்று வரிகளையும், அதாவது கிணறு, பந்தி, மணவுறவு ஆகியவற்றை, தன் கையால் ஒரு தாளில் எழுதிச் சமையற்கட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு அந்தக் கடிதத்தைப் படிக்கட்டும்.